டைமியோ உயேசுகி யோசான்: கடனில் மூழ்கிய யோனேசாவாவைக் கரையேற்றியது எது?

மலையருவி எழுதியது:

ஜப்பானிய டைமியோக்களை, அதாவது சமஸ்தானப் பிரபுக்களைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே நொபுநாகா, ஹிதேயோஷி, இயேயாசு என்று மூன்று பேரைச் சுற்றித்தான் வருகிறோம். போர், கோட்டை, துரோகம் என்று அந்தக் கதைகளுக்குத் தனிச் சுவை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் என் மனத்தில் நெடுநாளாக நிற்பவர் ஒரு போர்க்களத்தையும் பார்க்காத டைமியோ. பெயர் உயேசுகி ஹருனோரி. முதுமையில் வைத்துக்கொண்ட யோசான் என்ற பெயரில்தான் இன்று அவரை அறிவார்கள். அவர் வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியது கடனோடு.

1751இல் எடோவில் (இன்றைய டோக்கியோ) பிறந்தார். பிறப்பால் அவர் உயேசுகி இல்லை. தெற்கே கியூஷூ தீவில் இருந்த தகநாபே என்ற சிறிய சமஸ்தானத்தின் பிரபு அகிசுகி தனேமித்சுவின் இரண்டாவது மகன். பாட்டி வழியில் உயேசுகி குடும்பத்தோடு உறவு இருந்தது. வடக்கே யோனேசாவாவை ஆண்ட உயேசுகி ஷிகேசதாவுக்கு அப்போது ஆண் பிள்ளை இல்லை. இந்தப் பையனைத் தத்தெடுத்து, தன் மகள் யோஷியை அவனுக்கே கட்டிவைப்பது என்று முடிவு செய்தார். 1767இல், பதினைந்து வயதில், பட்டம் கிடைத்தது.

கிடைத்தது பட்டம் மட்டும்தான். கஜானாவில் ஒன்றும் இல்லை. கடன் சுமார் 2 லட்சம் ரியோ என்று பொதுவாகச் சொல்வார்கள் (ரியோ என்பது தங்க நாணயம்). இதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1764இல், ஷிகேசதா "என்னால் முடியவில்லை, சமஸ்தானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று மத்திய ஆட்சியான ஷோகன் அரசிடம் திருப்பிக் கொடுக்கத் தயாராகி, உறவினர்கள் தடுத்ததால் நின்றிருக்கிறார்.

இந்தப் பையன் பட்டம் ஏற்றபோது எழுதிய பாட்டு ஒன்று உண்டு. நாட்டைக் காக்கும் பொறுப்பை ஏற்ற பின் நான் மறக்கக் கூடாதது, மக்களுக்குத் தாயும் தந்தையும் நானே என்பது. பதினைந்து வயதில் எழுதியது. அதே ஆண்டு, சிக்கனத்தால் நாட்டை மீட்பேன் என்று சத்தியம் எழுதி, யாருக்கும் சொல்லாமல் யோனேசாவாவின் ஷிராகோ கோயிலில் காணிக்கையாக வைத்தார். அந்தத் தாள் பல காலம் கழித்துத்தான் வெளியே தெரிந்தது.

அப்புறம் செய்தவை எல்லாப் புத்தகங்களிலும் இருக்கின்றன. எடோ மாளிகையில் தன் வீட்டுச் செலவை ஆண்டுக்கு 1,500 ரியோவிலிருந்து 209 ரியோவாகக் குறைத்தார். பணிப்பெண்கள் ஐம்பது பேர் இருந்த இடத்தில் ஒன்பது பேர். பருத்தி உடை. சாப்பாட்டுக்கு ஒரு சூப், ஒரு கறி.

ஆனால் யோசானின் பெருமை இந்தச் சிக்கனத்தில் இல்லை என்பது என் எண்ணம். அதைப் பேசத்தான் இந்த இழையைத் தொடங்கினேன். உங்கள் கருத்துகளையும் சொல்லுங்கள்.

---

பூவரசு எழுதியது:

நல்ல தொடக்கம் ஐயா. ஒரு அடிப்படைச் சந்தேகம். டைமியோக்களை "இத்தனை கோக்கு" என்று அளக்கிறார்களே, அது என்ன கணக்கு? யோனேசாவா பெரிய சமஸ்தானமா, சிறியதா?

---

மலையருவி எழுதியது:

கோக்கு என்பது அரிசி அளவு. ஒரு கோக்கு ஏறத்தாழ 180 லிட்டர், எடையில் சுமார் 150 கிலோ. ஒரு ஆளின் ஓராண்டுச் சாப்பாடு என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சமஸ்தானத்தின் மதிப்பை அதன் நிலம் எத்தனை கோக்கு விளையும் என்பதை வைத்துச் சொன்னார்கள். பத்தாயிரம் கோக்கும் அதற்கு மேலும் இருந்தால் டைமியோ.

யோனேசாவா 1.5 லட்சம் கோக்கு. சிறியதில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. உயேசுகி என்பது பழைய பெருங்குடி, போர்க்காலத்தில் பேரெடுத்த கென்ஷினின் வம்சம். 1598இல் ககேகத்சு காலத்தில் அவர்களுக்கு அய்சுவில் 12 லட்சம் கோக்கு இருந்தது. செகிகஹாரா போரில் தோற்ற பக்கம் நின்றதால் 1601இல் 3 லட்சமாகக் குறைத்து யோனேசாவாவுக்கு அனுப்பினார்கள். 1664இல் மூன்றாம் பிரபு வாரிசு இல்லாமல் திடீரென்று இறந்தார். குடும்பமே கலைந்திருக்க வேண்டியது. தத்துப் பிள்ளையை ஏற்றுக்கொண்டு பிழைக்கவிட்டார்கள், ஆனால் நிலம் மறுபடியும் பாதியாயிற்று.

12 லட்சம், 3 லட்சம், 1.5 லட்சம் என்று நிலம் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கியும், நம்பி வந்த சாமுராய்க் குடும்பங்களை அவர்கள் வெளியே அனுப்பவில்லை. ஐயாயிரம் குடும்பங்களுக்கு மேல். சமஸ்தானத்து வருமானம் பெரும்பாலும் அவர்கள் சம்பளத்துக்கே போயிற்று. ஆட்களை விடாதது நல்ல மனம்தான், ஆனால் அந்த நல்ல மனத்துக்கு வட்டி கட்டிக்கொண்டே இருந்தார்கள்.

---

கணக்கன் எழுதியது:

மலையருவி, நீங்கள் சொன்ன எண்களை வைத்தே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வீட்டுச் செலவில் மிச்சம் ஆண்டுக்கு 1,291 ரியோ. கடன் 2 லட்சம். வட்டியே இல்லை என்று வைத்தாலும் அந்த மிச்சத்தால் கடனை அடைக்க 155 ஆண்டு ஆகும். ஆகவே ஒரு சூப்பும் ஒரு கறியும் சாப்பிட்டு நாட்டை மீட்டார் என்ற கதை கணக்கில் நிற்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கதைகள் இவ்வளவு பரவியதற்குக் காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஜப்பானியப் பள்ளிகளில் நீதிபோதனைப் பாடநூல்களில் யோசான் இடம்பெற்றார். சிக்கனமாக இரு, மேலே உள்ளவர் சொல் கேள் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல அன்றைய அரசுக்கு அவர் வசதியாக இருந்தார். உச்சிமுரா கன்சோ என்ற ஜப்பானியக் கிறித்தவ எழுத்தாளர் ஆங்கிலத்தில் எழுதி வெளிநாடுகளில் அறிமுகப்படுத்தியதும் பக்தியோடு எழுதியதுதான். அவர் நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு மனிதரைப் புனிதராக்கிவிட்டால் அவர் என்ன செய்தார் என்பது மறைந்துவிடுகிறது.

---

மலையருவி எழுதியது:

கணக்கன், 155 ஆண்டு என்பதை நான் இப்படி வகுத்துப் பார்த்ததில்லை. நான் சொல்ல வந்ததற்கே இது பலம் சேர்க்கிறது, நன்றி.

ஆனால் சிக்கனம் வீண் என்று சொல்ல மாட்டேன். அதன் பயன் பணத்தில் இல்லை. சாமுராய்களின் சம்பளத்தில் பெரும்பகுதியைச் சமஸ்தானம் ஏற்கெனவே "கடனாக" எடுத்துக்கொண்டிருந்தது. திரும்பி வராத கடன். வீட்டில் அடுப்பெரியாதவனிடம் போய் "இன்னும் பொறுத்துக்கொள், போய் நிலத்தை வெட்டு" என்று சொல்ல வேண்டுமானால், சொல்பவர் பட்டு உடுத்தியிருக்க முடியாது. 1772இல் அவரே வயலில் இறங்கி மண்வெட்டி பிடித்து ஒரு சடங்கு செய்தார். அதன் பிறகு சாமுராய்கள் தரிசு நிலம் திருத்தவும் பாலம் கட்டவும் இறங்கினார்கள். வாள் வைத்திருப்பவன் மண்வெட்டி எடுப்பது அந்தக் காலத்தில் எத்தனை பெரிய மானப் பிரச்சினை என்பதை யோசித்துப் பாருங்கள்.

அந்த மானப் பிரச்சினைதான் 1773இல் வெடித்தது. பரம்பரையாக உயர்பதவி வகித்த மூத்தவர்கள் ஏழு பேர், 45 குற்றச்சாட்டுகள் கொண்ட மனுவோடு விடியற்காலையில் வந்து அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். சின்ன சமஸ்தானத்திலிருந்து வந்த பிள்ளைக்கு உயேசுகி வழக்கம் தெரியவில்லை, சீர்திருத்தத்தை நடத்தும் தகேனோமாத்தா மசத்சுனாவையும் அவர் கூட்டாளிகளையும் நீக்கு என்பது கோரிக்கை. எழுந்து போக முயன்ற பிரபுவின் உடையை ஒருவர் பிடித்து இழுத்தார் என்று சொல்வார்கள். கடைசியில் மாமனார் ஷிகேசதா வந்து அதட்டிய பிறகே கலைந்தார்கள்.

யோசான் அப்போது செய்ததுதான் எனக்கு முக்கியம். கோபத்தில் உடனே தண்டிக்கவில்லை. கண்காணிப்பு அதிகாரிகளையும் மற்ற சாமுராய்த் தலைவர்களையும் கூட்டி, "இந்த மனுவில் இருப்பது உண்மையா? என் ஆட்சி தவறா?" என்று கேட்டார். இல்லை என்றார்கள். சில நாளில் தீர்ப்பு வந்தது. அந்த ஏழு பேரில் சுதா, இமோகாவா இருவரும் வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாக வேண்டும். மற்ற ஐந்து பேருக்குப் பதவி போயிற்று, வீட்டுக்காவல், நிலமும் குறைந்தது.

---

வடிவு எழுதியது:

இதைப் படித்ததும் மனம் கனத்துவிட்டது. மக்களுக்குத் தாய் தந்தை என்று பாடியவர் இருபத்தொரு வயதில் இரண்டு மூத்தவர்களுக்கு மரண தண்டனை கொடுத்திருக்கிறார். மனு கொடுத்ததுதான் அவர்கள் செய்த குற்றம்.

மலையருவி அண்ணா, யோசானின் மனைவி யோஷி பற்றி ஒரு வரியோடு விட்டுவிட்டீர்களே. எனக்கு யோசான் மீது மதிப்பு வந்தது அந்தப் பெண்ணால்தான்.

யோஷிக்கு உடல் வளர்ச்சியும் மன வளர்ச்சியும் குறைவு. பெரியவளான பிறகும் குழந்தை போலவே இருந்தாள். 1769இல் திருமணம். டைமியோவின் மனைவி எடோவில்தான் இருக்க வேண்டும் என்பது ஷோகன் அரசின் விதி, ஒரு வகையில் பணயம் மாதிரி. டைமியோ ஓராண்டு ஊரிலும் ஓராண்டு எடோவிலும் மாறிமாறி இருக்க வேண்டும். எடோவில் இருந்த நாட்களில் யோசான் அவளோடு உட்கார்ந்து பொம்மை வைத்து விளையாடினார், காகிதத்தில் கொக்கு மடித்துக் கொடுத்தார். ஒதுக்கி வைத்திருந்தால் அந்தக் காலத்தில் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். வாரிசு வேண்டும் என்று வற்புறுத்தியதால் யோனேசாவாவில் ஒரே ஒரு துணைவி. ஒதோயோ என்று பெயர், அவரைவிடப் பத்து வயது மூத்தவர். அதற்கு மேல் யாரும் இல்லை.

1782இல் யோஷி இறந்தாள். அவள் துணிகளும் பொம்மைகளும் யோனேசாவாவில் இருந்த அப்பா ஷிகேசதாவுக்கு வந்து சேர்ந்தன. மகள் எப்படி இருந்தாள் என்று அவருக்கு அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது, அழுதார் என்பார்கள். மருமகன் ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை.

---

மலையருவி எழுதியது:

வடிவு, அந்த இரண்டு உயிரை நானும் நியாயப்படுத்த மாட்டேன். அன்றைய சட்டப்படி பிரபுவைக் கூட்டமாக மறிப்பது பெருங்குற்றம், அவ்வளவுதான் சொல்ல முடியும். பின்னர் அந்தக் குடும்பங்கள் அழியாமல் தொடர வழிவிட்டார்கள். ஆனால் போனவர்கள் போனவர்கள்தான்.

யோஷி பற்றி எழுதியதற்கு நன்றி அம்மா. நான் எழுதியிருந்தால் இப்படி வந்திருக்காது.

---

தறிமகன் எழுதியது:

நான் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன். யோனேசாவா பெயரை நான் முதலில் அறிந்தது துணி வழியாகத்தான். அந்தக் கோணத்தில் கொஞ்சம் சொல்கிறேன்.

யோனேசாவாவில் அவோசோ என்ற நார்ப்பயிர் நன்றாக வரும். ராமி என்றால் சிலருக்குப் புரியும். அதை உரித்து, நாராகவே எச்சிகோவுக்கும் நாராவுக்கும் விற்றுக்கொண்டிருந்தார்கள். அங்கே அதை நூற்று, நெய்து, பல மடங்கு விலைக்கு விற்றார்கள். நார் ஒருவருடையது, லாபம் இன்னொருவருக்கு. இந்த வலி எந்த நெசவாளிக்கும் புரியும்.

1776இல் எச்சிகோவின் ஓஜியாவிலிருந்து நெசவுக்காரர்களை வரவழைத்தார்கள். சாமுராய்களின் மனைவிமாருக்கும் பெண்களுக்கும் தறி கற்றுக்கொடுத்தார்கள். இதுதான் பெரிய முடிச்சு. சம்பளம் அரையும் குறையுமாக வரும் வீட்டில் வெளியே போகாமல், மானம் குறையாமல் வருமானம் வர ஒரு வழி கிடைத்தது. மல்பெரி பயிராக்கிப் பட்டுப்புழு வளர்த்து, பிறகு பட்டு நெசவுக்கும் போனார்கள். சாயத்துக்குக் குசும்பப் பூ அந்தப் பக்கத்திலேயே விளைந்தது. யோனேசாவா நெசவு இன்றும் நடக்கிறது.

கணக்கன் ஐயா சொன்ன 155 ஆண்டைக் குறைத்தது தறி என்பது என் கருத்து.

---

கணக்கன் எழுதியது:

தறிமகன், உங்கள் கருத்தில் பாதியை ஏற்கிறேன். நெசவு உதவியது, ஆனால் பலன் வர இரண்டு தலைமுறை ஆயிற்று. முதல் இருபது ஆண்டுகளில் நடந்ததையும் பார்க்க வேண்டும்.

தகேனோமாத்தாவின் பெரிய திட்டம் மரம் நடுவது. உருஷி என்ற அரக்கு மரம், மல்பெரி, காகிதம் செய்யும் கோசோ, ஒவ்வொன்றிலும் பத்து லட்சம் மரம். இதில் உருஷி மீது நம்பிக்கை அதிகம், அதன் காயிலிருந்து மெழுகுவர்த்திக்கு மெழுகு எடுக்கலாம். ஆனால் அந்தக் காலத்தில் மேற்கு ஜப்பானில் ஹாசே என்ற மரத்து மெழுகு சந்தைக்கு வந்துவிட்டது. தரம் மேல், விலை குறைவு. யோனேசாவா மெழுகு விலைபோகவில்லை.

1782இல் தகேனோமாத்தாவே வீழ்ந்தார். பொதுப் பணத்தையும் சொந்தப் பணத்தையும் கலந்தார், ஆடம்பரமாக வாழ்ந்தார், கென்ஷினின் நினைவு நாளில் மது விருந்து நடத்தினார் என்றெல்லாம் குற்றச்சாட்டு. பதவி பறிபோய் வீட்டுக்காவல். சீர்திருத்தத்தின் தலைமை ஆளே இப்படி. அடுத்த ஆண்டு அவர் கூட்டாளி நோசோகி யோஷிமாசாவும் விலகினார். அதே 1783இல் பெரும் பஞ்சம். 1785இல் பிரபுவும் பட்டத்தைக் கொடுத்துவிட்டு விலகிவிட்டார்.

பதினெட்டு ஆண்டு ஆட்சியின் கணக்கை அங்கே நிறுத்திப் பார்த்தால் அது தோல்வி. கடன் அப்படியே இருந்தது.

---

பூவரசு எழுதியது:

பஞ்சத்தில் யோனேசாவாவில் ஒருவர்கூடப் பட்டினியால் சாகவில்லை என்று எங்கோ படித்தேன். உண்மையா?

---

மலையருவி எழுதியது:

அப்படி ஒரு பேச்சு உண்டு. ஒருவர்கூட என்பதை நான் நம்பவில்லை, வரலாற்றாசிரியர்களும் அதைச் சந்தேகிக்கிறார்கள். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1783இல் கோடை குளிர்ந்து நெல் பால் பிடிக்கவில்லை, அசாமா எரிமலையும் வெடித்தது. வடக்கே சுகாரு, ஹாச்சினோஹே, நம்பு பகுதிகளில் ஊர் ஊராகச் செத்தார்கள். யோனேசாவாவில் முன்பே தானியக் களஞ்சியங்கள் கட்டி வைத்திருந்தார்கள். சகாதாவிலும் எச்சிகோவிலும் உடனே அரிசி வாங்கினார்கள். அரிசியில் மது வடிப்பதைத் தடை செய்தார்கள். சாமுராய்க்கும் குடியானவனுக்கும் ஒரே மாதிரி அளந்து கொடுத்துக் கஞ்சி குடிக்கச் சொன்னார்கள். பக்கத்துச் சமஸ்தானங்களில் நடந்த பெருஞ்சாவு அங்கே நடக்கவில்லை.

கணக்கன் 1785இல் கணக்கை நிறுத்துகிறார். நான் சொல்ல வந்தது அங்கேதான் தொடங்குகிறது.

யோசான் விலகியபோது வயது முப்பத்து மூன்று. காரணம் குடும்பத்துக்குள் இருந்தது. அவரைத் தத்தெடுத்த பிறகு ஷிகேசதாவுக்குச் சொந்த மகன் பிறந்திருந்தான். ஹருஹிரோ. மாமனார் கண்ணை மூடுவதற்குள் அவருடைய சொந்தப் பிள்ளை பட்டத்தில் இருப்பதைப் பார்க்கட்டும் என்று பட்டத்தை அவனுக்குக் கொடுத்தார். கொடுக்கும்போது மூன்றே மூன்று வாக்கியங்கள் எழுதிக் கையில் வைத்தார். நாடு முன்னோரிடமிருந்து வந்து பின்னோருக்குப் போவது, உன் விருப்பத்துக்கு நடத்த உனக்கு உரிமை இல்லை. மக்கள் நாட்டுக்கு உரியவர்கள், அவர்களையும் உன் விருப்பத்துக்கு நடத்த முடியாது. நாட்டுக்காகவும் மக்களுக்காகவும்தான் பிரபு, பிரபுவுக்காக நாடும் மக்களும் இல்லை.

பிரான்சில் புரட்சி வெடிக்க இன்னும் நாலு வருடம் இருக்கிறது. இதை ஒரு டைமியோ தன் வாரிசுக்கு எழுதுகிறார்.

யோசான் விலகிய பின் நிர்வாகத்தை நடத்தியவர் ஷிகா சுகேச்சிகா என்ற அதிகாரி. அவர் செய்தது சிக்கனம் மட்டுமே. செலவை வெட்டு, திட்டங்களை நிறுத்து, பள்ளியைச் சுருக்கு. என்ன ஆயிற்று? நிலைமை இன்னும் மோசமானது. 155 ஆண்டுக் கணக்கு சரி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

1791இல் யோசானும் ஹருஹிரோவும் நோசோகியைத் திரும்ப அழைத்தார்கள். அவர் வந்ததும் கருத்துப்பெட்டி ஒன்று வைத்தார்கள். குடியானவனும் தன் யோசனையை எழுதிப் போடலாம். 1773இல் மனு கொடுத்தவர்கள் வயிற்றைக் கிழித்துக்கொண்ட அதே ஊரில். வடிவு, உங்கள் வருத்தத்துக்கு யோசானே பதினெட்டு ஆண்டு கழித்துத் தந்த பதிலாக இதை நான் பார்க்கிறேன். நோசோகி பதினாறு ஆண்டுகளுக்கு வரவு செலவுத் திட்டம் போட்டு, சகாதாவின் ஹொன்மா, எச்சிகோவின் வதனாபே, எடோவின் மிதானி என்று கடன் கொடுத்த வணிகர்களிடம் மறைக்காமல் பேசினார். இனிமேல் எப்படி அடைப்போம் என்று தெரிந்ததால் அவர்களும் மறுபடி உதவினார்கள்.

---

கணக்கன் எழுதியது:

அந்த மூன்று வாக்கியங்கள் அழகானவை. ஆனால் அதில் மக்களாட்சியைத் தேடுவது அதிகம். மக்கள் நாட்டுக்கு உரியவர்கள் என்று எழுதினாரே தவிர, நாடு மக்களுக்கு உரியது என்று எழுதவில்லை. குடியானவர்களுக்கு வரி இருந்தது, ஊரைவிட்டுப் போக உரிமை இல்லை. பின்னாளில் ஐந்து வீடுகளைச் சேர்த்துக் குழுக்கள் அமைத்தார்களே, அது உதவிக்கு மட்டுமா, கண்காணிப்புக்கும் தானே? தந்தை பிள்ளைகளைப் பார்ப்பது போன்ற ஆட்சி அது. நல்ல தந்தைதான். ஆனாலும் தந்தை.

இருந்தாலும் 1791 பற்றி நீங்கள் எழுதியது என்னை யோசிக்க வைக்கிறது. தோற்ற திட்டத்தைத் தோற்றது என்று ஒப்புக்கொண்டு, வேறு ஆளை, வேறு வழியை ஏற்பது எளிதில்லை.

---

வடிவு எழுதியது:

"நல்ல தந்தைதான், ஆனாலும் தந்தை." இதை ஏற்கிறேன் ஐயா. ஆனால் அந்தத் தந்தையை ஒரு கிழவி எப்படிப் பார்த்தாள் என்பதற்கு ஒரு கடிதம் இருக்கிறது. பாடநூல் எழுதியவர்கள் கட்டிய கதை இல்லை, அவளே தன் மகளுக்கு எழுதியது.

1777. அறுவடை நேரம். மழை வருகிறது, அறுத்துக் காயப்போட்ட நெற்கதிரைத் தனியாகச் சேர்க்க முடியாமல் கிழவி திண்டாடுகிறாள். அந்த வழியாகப் போன இரண்டு சாமுராய்கள் இறங்கி உதவுகிறார்கள். உதவினவர்களுக்குப் புது அரிசியில் மோச்சி என்ற இடித்த அரிசிப் பலகாரம் செய்து கொடுப்பது ஊர் வழக்கம். "எங்கே கொண்டுவந்து தரட்டும்?" என்று கேட்கிறாள். கோட்டையின் வடக்கு வாசலில் சொன்னால் போதும் என்கிறார்கள். மோச்சியைச் சுமந்துகொண்டு போகிறாள். அழைத்துப் போய் நிறுத்திய இடத்தில் உட்கார்ந்திருந்தவர் பிரபு.

எடுத்துக்கொண்டு போன மோச்சிக்குப் பதில் வெள்ளிக்காசு கொடுத்தார். அந்தக் காசைக் கொண்டு வீட்டில் எல்லோருக்கும் காலுறை செய்து கொடுத்தாள், இது பிரபு தந்த காசில் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று. கடிதத்தில் எழுத்துப் பிழை நிறைய. எனக்கு அந்தப் பிழைகள்தான் நம்பிக்கை தருகின்றன.

---

தூரப்பயணி எழுதியது:

படித்துக்கொண்டே வந்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை. யோனேசாவாவுக்கு ஒரு முறை போயிருக்கிறேன். யமகதா ஷின்கான்சென் இதாயா கணவாயைத் தாண்டித்தான் அந்தச் சமவெளிக்குள் இறங்குகிறது. பதினெட்டு வயதில் முதல் தடவையாகத் தன் ஊருக்கு வந்த பிரபு இந்த மலைப்பாதையில்தான் பல்லக்கில் வந்தார். வழியில் கிராமங்கள் பாழாகக் கிடந்தன. கையிலிருந்த தணல் சட்டி அணைந்துவிட்டது. கிளறிப் பார்த்தால் சாம்பலுக்குள் ஒரு சின்னக் கங்கு. ஊதி ஊதிப் பற்றவைத்தார், நாட்டையும் இப்படி எழுப்பலாம் என்று கூட வந்தவர்களிடம் சொன்னார் என்று கதை. கதைதான். ஆனால் அங்கே குளிர் என் எலும்பில் ஏறியபோது நான் அதை நம்பினேன்.

ஊருக்குள் சில வீடுகளில் வேலி முள்செடியாக இருக்கிறது. உகோகி என்று பெயர். முள் இருப்பதால் ஆடு மாடு, திருடன் வராமல் தடுக்கும். தளிர் இலையைப் பறித்துச் சாப்பிடலாம். வேலியே பஞ்சகாலச் சாப்பாடு. யோசான் ஊக்குவித்தது என்கிறார்கள், இன்றும் வசந்தத்தில் அந்தத் தளிரைச் சோற்றில் கலந்து சமைக்கிறார்கள். லேசான கசப்பு.

கோட்டை இருந்த இடத்தில் கென்ஷினுக்கு உயேசுகி கோயில். பக்கத்திலேயே மத்சுகசாகி கோயிலில் யோசான். அங்கே அவருடைய பாட்டைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். செய்தால் ஆகும், செய்யாவிட்டால் ஆகாது, எதுவும் ஆகாமல் போவது மனிதர் செய்யாததால்தான் என்று பொருள்.

---

மலையருவி எழுதியது:

தூரப்பயணி, உகோகி பற்றி எழுதினீர்கள். அதோடு சேர்ந்தது 1802இல் சமஸ்தானம் அச்சிட்டு வீடு வீடாகக் கொடுத்த "கதேமோனோ" என்ற கையேடு. எண்பது வகை காட்டுச்செடி, கிழங்கு, இலை. எதை எத்தனை நேரம் வேகவைக்க வேண்டும், எதை ஊறவைத்துக் கசப்பு நீக்க வேண்டும், சோற்றோடு எப்படிக் கலக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. 1,500க்கும் மேற்பட்ட பிரதிகள். பஞ்சம் முடிந்து பல ஆண்டுகள் ஆன பிறகு, நல்ல விளைச்சல் காலத்தில் இதை அச்சிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். முப்பது வருடம் கழித்து டெம்போ பஞ்சம் வந்தபோது யோசான் உயிரோடு இல்லை. கையேடு இருந்தது.

இன்னொரு காட்சி. அவருடைய ஆசிரியர் ஹொசோயி ஹெய்ஷூ. யோசான் சிறுவனாக இருந்தபோது எடோவில் பாடம் சொன்னவர். 1776இல் யோனேசாவா வந்து கோஜோகான் பள்ளியைத் தொடங்கப் பக்கத்துணையாக இருந்தார். 1796இல் கடைசியாக வந்தபோது அவருக்கு அறுபத்தெட்டு வயது. யோசான் ஊர் எல்லை தாண்டி செகினே என்ற கிராமம் வரை போய் வரவேற்றார். ஒரு டைமியோ குடும்பத்தவர் ஒரு ஆசிரியருக்காக அப்படிச் செய்வது அந்தக் காலத்தில் கேள்விப்படாதது. இருவரும் பக்கத்துக் கோயிலுக்கு மேட்டில் ஏறிப் போனார்கள். கிழவர் தடுக்கி விழுந்துவிடுவாரோ என்று, ஒரு அடிகூட முன்னால் வைக்காமல் யோசான் கூடவே நடந்தார். அதற்கு இரண்டு ஆண்டு முன்புதான் தன் மகன் அகிதகாவைப் பெரியம்மைக்குக் கொடுத்திருந்தார். அன்றைய ஜப்பானிய முறையில் எண்ணினால் பத்தொன்பது வயதுப் பிள்ளை.

---

கணக்கன் எழுதியது:

மலையருவி, இரண்டு நாளாகத் தேடிப் படித்தேன். நீங்கள் ஒன்றை விட்டுவிட்டீர்கள், நான் சேர்க்கிறேன்.

குரோயி ஹன்ஷிரோ என்று ஒரு அதிகாரி. கணக்கில் கெட்டிக்காரர், அதனால்தான் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. யோனேசாவாவின் வடக்குப் பகுதியில் தண்ணீர் இல்லாத கிராமங்களுக்கு 1794இல் வாய்க்கால் வெட்டத் தொடங்கினார். மொத்தம் 32 கிலோமீட்டர் வரும். அது முடிந்ததும் இன்னொரு வேலை. ஈடே மலைக்கு அந்தப் பக்கம் ஓடும் தண்ணீரை இந்தப் பக்கம் கொண்டுவர மலைக்குள் ஒரு சுரங்கம். சுமார் 200 மீட்டர். 1799இல் தொடங்கினார், அதே ஆண்டு இறந்தும் போனார். மலை உச்சியில், பனி உருகும் சில மாதங்களில் மட்டுமே உளியால் வெட்ட முடியும். முடிந்தது 1818இல். ஏறத்தாழ இருபது ஆண்டு.

ஏட்டில் பார்த்தால் அந்தச் சுரங்கம் சில கிராமங்களுக்கான சிறிய வேலை. ஆனால் தொடங்கியவர் செத்த பிறகும் பத்தொன்பது கோடை காலம் யாரோ ஒருவர் செலவை அனுமதித்துக்கொண்டே இருந்திருக்கிறார். கடனில் இருக்கும் ஒரு சமஸ்தானத்தில் வருடா வருடம் அதை வெட்டிவிடச் சொல்ல ஆள் இருந்திருப்பார்கள். நீங்கள் முதலில் சொல்ல வந்தது இதுதான் என்று நினைக்கிறேன். இதை நான் மறுக்கவில்லை.

---

மலையருவி எழுதியது:

அதேதான். நான் இவ்வளவு எழுதியும் சொல்லாததை நீங்கள் ஒரு சுரங்கத்தில் சொல்லிவிட்டீர்கள். பட்டத்தில் இருந்தது பதினெட்டு ஆண்டு. பட்டம் இல்லாமல், மகன் முறையான ஹருஹிரோவுக்கும் அப்புறம் அவன் வாரிசு நரிசதாவுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டது முப்பத்தேழு ஆண்டு.

---

பூவரசு எழுதியது:

கடைசியில் அந்த 2 லட்சம் ரியோ எப்போது தீர்ந்தது?

---

மலையருவி எழுதியது:

1823இல் கடன் ஏறத்தாழ முழுதும் அடைந்து, கையிருப்பாக 5,000 ரியோவும் இருந்தது என்பார்கள். தகேனோமாத்தா 1793இல் போய்விட்டார். குரோயி 1799இல், ஆசிரியர் ஹெய்ஷூ 1801இல், நோசோகி 1803இல். ஒதோயோ 1821இல். யோசான் 1822 வசந்தத்தில், எழுபது வயதில்.

கணக்கை முடித்தபோது நரிசதா பிரபு. யோசான் பட்டம் ஏற்ற நாளில் அவன் தந்தைகூடப் பிறந்திருந்தால் சிறு குழந்தையாகத்தான் இருந்திருப்பார்.

---

தறிமகன் எழுதியது:

1878இல் இசபெல்லா பேர்ட் என்ற ஆங்கிலேயப் பெண் குதிரையில் அந்தச் சமவெளி வழியாகப் போனார். நெல், பருத்தி, மக்காச்சோளம், புகையிலை, அவுரி என்று பார்த்ததை எல்லாம் வரிசையாக எழுதி, ஏதேன் தோட்டம் என்றார். யோசான் பெயர் அவருக்குத் தெரிந்திருக்காது. அவர் பார்த்த செழிப்புக்குப் பின்னால் யாருடைய திட்டம் இருந்தது என்று நமக்குத் தெரியும்.